இடுப்பில் கட்டிய கல்

கள்ளக்குறிச்சியில் கடல் இல்லை. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன் இன்ஸ்பெக்டர் மேடம். எங்கள் கிளப்பைப் பற்றிக் கேட்கிறவர்கள் எல்லோரும் ஏதோ எனக்குத் தெரியாத செய்தியைச் சொல்கிற மாதிரி இதைத்தான் சொல்வார்கள். கடல் இல்லாத ஊரில் நெத்திலிக் கருவாடு விற்கவில்லையா. கயாக் படகும் அப்படித்தான்.

டீ வேண்டாம், இப்போதுதான் குடித்தேன். பதற்றமெல்லாம் இல்லை. சின்னதுரை அண்ணன் எப்படி இறந்தார் என்றுதானே கேட்டீர்கள், சொல்கிறேன். ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு முன்னால் எங்கள் வாட்ஸப் குரூப்பின் முகப்புப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டால் நான் காரணமில்லாமல் செய்துவிட்டேன் என்று எழுதிக்கொள்வீர்கள். காரணமில்லாமல் நான் எதையும் செய்கிறவன் இல்லை.

என் பெயர் அறிவுச்செல்வன். சொந்த ஊர் நைனார்பாளையம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கடையில் கூட்டமில்லாத நேரத்தில் வீடியோ பார்ப்பேன். அப்படி ஒரு நாள் ஒருத்தன் தனியாகச் சின்னப் படகில் உட்கார்ந்து, தன் உயரத்துக்கு ஒரு மீனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமில்லை. கயாக் வாங்கினேன். ஆரஞ்சு நிறம். லாரியில் வந்து இறங்கியபோது அப்பா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"இன்னாடா இது, மாட்டுக்குத் தண்ணி காட்டுற தொட்டியா?"

"படகுப்பா. மீன் புடிக்கிறதுக்கு."

"மீனு சந்தையில விக்கிதேடா."

இப்படிப்பட்ட ஊரில்தான் மேடம் நான் கிளப் ஆரம்பித்தேன். பெயர் கல்வராயன் கயாக் கிளப். குரூப்பில் நிறைய பேர் இருந்தார்கள். பெரும்பாலும் காலை வணக்கம் போடுகிறவர்கள், இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்கிற என் மாமா, பிறகு என் அத்தை. தண்ணீரில் இறங்குகிறவர்கள் மூன்று பேர்தான். நான், ஜுனைத், சின்னதுரை அண்ணன். ஜுனைத் என்னோடு பள்ளியில் படித்தவன். அவன் வாப்பாவுக்குக் கள்ளக்குறிச்சியில் ஹார்டுவேர் கடை. அவனுக்கு மீன் முக்கியமில்லை, படம் எடுக்கப் பிடிக்கும். சின்னதுரை அண்ணன் எங்கள் ஊரில் உரக்கடை வைத்திருந்தார். அவர் கிளப்பில் சேர்ந்ததே அவரிடம் பிக்கப் வண்டி இருந்ததால். யூரியா மூட்டை இறக்கிவிட்டு அதே வண்டியில் எங்கள் கயாக்குகளை ஏற்றிக்கொண்டு கோமுகி அணைக்கு வருவார். நாங்கள் தூண்டில் போடும்போது கரையில் துண்டு விரித்துப் படுத்திருப்பார். நல்ல மனிதர். அப்படியே படுத்திருந்திருக்கலாம்.

ஒரு நாள் ஜுனைத்துக்குக் காய்ச்சல். அவன் கயாக் சும்மா கிடந்தது. அண்ணன் ஏறி உட்கார்ந்தார். கையில் மூங்கில் கழி, முனையில் முள், முள்ளில் தவிட்டு உருண்டை. தவிட்டில் பிரியாணி மசாலா பிசைந்திருந்தார். நான் அன்று ஜப்பானிலிருந்து வரவழைத்த பொம்மை மீனை வீசிக்கொண்டிருந்தேன். அது நிஜ மீனைவிட மீன் மாதிரி இருக்கும். கண்ணெல்லாம் உருளும். அண்ணன் கொட்டாவி விட்டுக்கொண்டே ஒரு கட்லாவை இழுத்துப் போட்டார். சின்னக் குழந்தை கனம் இருக்கும்.

"தம்பி, மீனுக்கும் வாய்க்கு ருசியா எதனா வேணும்பா. உன் பிளாஸ்டிக்க அது எத்தினி நாளைக்குத் தின்னும்?" என்றார்.

கிளப்பில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு முறை போய் வந்த பிறகும், பெரிய மீனைப் பிடித்தவர் படம்தான் குரூப்பின் முகப்பில் இருக்கும். விதியைப் போட்டது நான். நேர்மையான விதி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதன் பிறகு அண்ணனும் ஒரு கயாக் வாங்கிவிட்டார், எப்போது போனாலும் அவர் படம்தான். மடித்துக் கட்டிய லுங்கி, வெற்று உடம்பு, கையில் மீன், கட்டை விரல் மேலே. ஒரு தடவை கட்லா, ஒரு தடவை விரால். அவருக்கு மீன் பிடிக்கத் தெரியாது மேடம். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வெறும் அதிர்ஷ்டம். பேசிக்கொண்டே இருப்பார், பாதி நேரம் தூங்குவார், மீன் தானாக வந்து மாட்டும்.

மூங்கில்துறைப்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிற ஒருத்தர் நேராக அண்ணனிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "கயாக் கிளப்பு ஓனரு நீங்கதான? குரூப்புல பாத்துக்கினே இருக்கேங்க" என்றார். அண்ணன் மறுக்கவில்லை. சிரித்தார். பக்கத்தில் அவருடைய பாயாச டம்ளரைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். "தம்பி யாரு, உங்க கடப் பையனா?" என்று அவர் கேட்டார். அதற்கும் அண்ணன் சிரித்தார்.

நான் கோபப்படவில்லை. எனக்குக் கோபமே வராது, எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இப்போது கல்லைப் பற்றிச் சொல்கிறேன். அணையில் தண்ணீர் நிற்கும். காற்றுக்குக் கயாக் நகராமல் இருக்க ஒரு கல்லைக் கயிற்றில் கட்டி இறக்குவோம். கயிற்றின் மறுமுனையைக் கயாக்கின் இடுப்பில், நாம் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு வலப்பக்கத்தில் கட்டுவோம். கைக்கு எட்டும், எழுந்திருக்காமலே இறக்கலாம், ஏற்றலாம். நாங்களே கண்டுபிடித்த முறை. நின்ற தண்ணீரில் அதில் ஒரு குறையும் இல்லை. அண்ணன் கல்லுக்குப் பதில் வீட்டு அம்மிக் குழவியைக் கட்டியிருந்தார். கயிறு, கரும்பு லோடுக்குக் கட்டுகிற கயிறு.

கடலுக்குப் போகலாம் என்று சொன்னது நான்தான். கடலூரைத் தாண்டி ஒரு கழிமுகம். கொடுவா மீன் நிறைய என்று வீடியோக்களில் சொன்னார்கள். சனி, ஞாயிறு, இரண்டு நாள். அண்ணனுடைய மனைவி கலையரசி அண்ணி புளிச்சோறு கட்டிக்கொடுத்தார். வண்டி கிளம்பும்போது என் பக்கக் கண்ணாடியைத் தட்டினார்.

"தம்பி, அவுருக்குக் கெணத்து நீச்சல்தான் தெரியும். கடல்ல எல்லாம் எறங்கனதே இல்ல. நீ வெவரமான புள்ள, உன்ன நம்பித்தான் அனுப்புறன்."

"நான் இருக்கேன்ல அண்ணி" என்றேன். பொய் சொல்லவில்லை. அப்போது எனக்கு எந்த எண்ணமும் இல்லை.

வழியில் அண்ணன் திருநாவலூரில் வண்டியை நிறுத்தினார். சிவன் கோயிலுக்குள் போய்விட்டு வந்து மூன்று கயாக்கின் மூக்கிலும் திருநீறு பூசினார். ஜுனைத்திடம், "பாயி, உன்னுதுக்கும் பூசிட்டேன், கோச்சிக்காத" என்றார். "பூசுங்கண்ணே, எனக்கு ரெண்டு பக்கமும் ஆள் இருக்கட்டும்" என்றான் அவன். சந்தோஷமாகத்தான் போனோம் மேடம். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், ஜுனைத்தையும் கேளுங்கள்.

சனிக்கிழமை உள்வாய்க்காலில், அலையாத்திச் செடிகளுக்கு நடுவில் மீன் பிடித்தோம். அங்கே தண்ணீர் அணை மாதிரி அசையாமல் இருந்தது. இடுப்பில் கட்டிய கல் பிரமாதமாக வேலை செய்தது. அன்றைக்குத்தான் எனக்கு அது நடந்தது. ஒரு கொடுவா. என் பொம்மை மீனை, ஜப்பான்காரன் செய்ததை, வாய்க்குள் போட்டுக்கொண்டு துள்ளியது. என் முழங்கையிலிருந்து விரல் நுனியைத் தாண்டி இருந்தது. வெள்ளி மாதிரி உடம்பு. அண்ணனுக்கு அன்று ஒன்றும் மாட்டவில்லை.

சாயங்காலம் நாங்கள் தங்கிய கீற்றுக் கொட்டகையில் ஜுனைத் குரூப் படத்தை மாற்றினான். முதல் முறையாக நான். என் ஜாக்கெட், என் குளிர்கண்ணாடி, என் மீன். அத்தை உடனே மாலை போட்ட மாதிரி பூவாக அனுப்பினார். மாமா கை தட்டுகிற பொம்மை போட்டார். நான் ஃபோனை அணைத்து அணைத்துத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் அடுப்பு ஊதிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "அப்பாடி, இப்பதான்டா தம்பி மூஞ்சில சிரிப்பே வருது. நாளைக்கி நான் ஒண்ணு புடிச்சி உன்ன எறக்கிடுவேன். அதுவரைக்கும் ஆசை தீரப் பாத்துக்க."

"பாவம்ணே, ஒரு வாரமாச்சும் இருக்கட்டும்" என்றான் ஜுனைத்.

"வெதின்னா வெதிதான். அவன் போட்ட வெதி."

அவர் சொன்னது சரி. விதி என்னுடையதுதான்.

அவர்கள் மீன் வறுத்துக்கொண்டிருந்தபோது நான் ஒரு வீடியோ பார்த்தேன். வெளிநாட்டு ஆள், வழுக்கைத் தலை, ஓடுகிற ஆற்றில் நின்றுகொண்டு பேசினார். ஒரு காலிக் கயாக்கில் இடுப்புப் பக்கம் நங்கூரம் கட்டி இறக்கினார். ஓடுகிற தண்ணீர் கயாக்கைக் குறுக்கே திருப்பியது, கயிறு ஒரு பக்கத்தைக் கீழே இழுத்தது, அடுத்த மூச்சில் கயாக் கவிழ்ந்து கிடந்தது. ஓடுகிற தண்ணீரில் மூக்கிலோ வாலிலோதான் கட்ட வேண்டும், இடுப்பில் கட்டினால் ஆள் பிழைக்க மாட்டான் என்று சொன்னார். திரும்பவும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன்.

நான் எல்லாவற்றையும் குரூப்பில் போடுகிறவன். பாம்பு கடித்தால் என்ன செய்வது, குக்கர் வெடிக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, சார்ஜரில் போட்டபடி ஏன் பேசக்கூடாது, எதையும் விடமாட்டேன். அதை மட்டும் போடவில்லை. சிக்னல் சரியில்லை என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது அவ்வளவு உண்மையில்லை. என் மீன் படத்தை அதே நேரத்தில் ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்கு அனுப்பினேன், போய்விட்டது.

பெரியவர்களுக்குப் பாடம் எடுப்பது எனக்குப் பிடிக்காது. அதுதான் காரணம்.

ஞாயிறு காலையில் என் கயிற்றை அவிழ்த்துக் கயாக்கின் மூக்கில் கட்டினேன். ஜுனைத்தின் கயிற்றையும் மூக்குக்கு மாற்றினேன்.

"ஏன்டா மூக்குல கட்டுற?" என்றான்.

"பாக்க நல்லாருக்கும்."

"அண்ணனுக்கு?"

"அவரு பழகனது அப்டி. மாத்தினா கத்துவாரு."

அண்ணனுடைய முடிச்சைப் பார்த்தேன். மாட்டைக் கட்டுகிற முடிச்சு, ஒரு இழுப்பு இழுத்தால் அவிழ்ந்துவிடும். தளர்வாக இருந்தது. அந்தக் குழவி அண்ணி பிறந்த வீட்டிலிருந்து சீராக வந்தது. அது கடலில் தொலைந்தால் அண்ணி என்ன சொல்வார். அதனால் கயிற்றை நனைத்து, இழுத்து, முடிச்சு மேல் முடிச்சாகக் கட்டிவைத்தேன். ஒருவருடைய பொருள் மேல் அவ்வளவு அக்கறை இருந்தது எனக்கு.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றியும் கேட்டீர்கள். அண்ணனுக்கு வயிறு பெரிது. கொக்கி மாட்டினால் மூச்சு முட்டுகிறது என்றார். "கழட்டி முதுகுக்கு அண்ட வச்சிக்கோங்கண்ணே, சாஞ்சி உக்கார சொகமா இருக்கும்" என்றேன். அவருக்கு முதுகுவலி உண்டு, ஊருக்கே தெரியும்.

கிளம்புகிற நேரத்தில் ஜுனைத்துக்கு வயிறு சரியில்லாமல் போய்விட்டது. முந்தின நாள் வறுவலில் காரம் ஜாஸ்தி. அவன் மணல்திட்டிலேயே கேமராவோடு உட்கார்ந்துகொண்டான். நாங்கள் இரண்டு பேரும் போனோம். இடத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். கழிமுகத்தின் வாய், உள்ளிருக்கிற தண்ணீர் எல்லாம் கடலுக்கு இறங்குகிற நேரம். அந்த நேரத்தில்தான் கொடுவா வாய்ப்பக்கம் வந்து நிற்கும். நிபுணர்கள் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். மீனுக்காகத்தான் அந்த இடம், அந்த நேரம்.

"இன்னா தம்பி, தண்ணி இந்த ஓட்டம் ஓடுது?" என்றார் அண்ணன். "நம்ம அணை இப்டி ஓடாதேடா."

"கடல்னா அப்டித்தான்ணே. குழவிய எறக்குங்க, நின்னுக்கும்."

இறக்கினார். நின்றது. கயாக் குறுக்கே திரும்பி வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. "குழவி நல்லா புடிச்சிக்கிச்சிப்பா, மாமியாரு வூட்டுப் பொருளுன்னா சும்மாவா" என்று சிரித்தார். கொஞ்சம் சாய்வுதான், அவர் உடம்பை இடப்பக்கம் நகர்த்தி உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. நான் ஓட்டத்துக்கு மேல்பக்கம், மூக்கில் கட்டிய கயிறோடு சௌகரியமாக நின்றேன். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் அவர் பக்கத்துக்குப் போகலாம், அவ்வளவு அருகில்.

அவர் உயிர் இறாலை மாட்டிப் போட்டார். தண்ணீரில் விழுந்து நனைந்துகூட இருக்காது. மூங்கில் கழி இல்லை, அன்றைக்கு என்னுடைய பழைய தூண்டில் ராடைக் கொடுத்திருந்தேன். அது வில்லாக வளைந்தது. இடப்பக்கம் ஒரு மீன் தண்ணீருக்கு மேல் எழும்பி விழுந்தது. வாய் திறந்திருந்தது. கொடுவா.

"டேய் அறிவு, பாத்தியாடா. பாயி, கேமராவத் திருப்பு. படத்த எறக்கு, படத்த எறக்கு."

அவர் மீனை எதிர்த்து வலப்பக்கம் சாய்ந்தார். குழவிக் கயிறும் வலப்பக்கம்தான் இழுத்தது. இடப்பக்கம் மீன், வலப்பக்கம் கயிறு, நடுவில் அண்ணன். தண்ணீர் கயாக்கின் விளிம்பைத் தாண்டி மெதுவாக உள்ளே வந்தது. அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஒரு கையால் ராடைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முடிச்சை இழுத்தார். அவிழவில்லை. நனைந்த முடிச்சு இறுகிவிடும். ராடை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முயன்றிருக்கலாம். விடவில்லை. யாராக இருந்தாலும் விடமாட்டார்கள், அந்த மீன் அப்படி.

"தம்பி, கயித்த அறு. சீக்கிரம் வாடா, கயித்த அறு."

நான் போனேன். அதை யாரும் மறுக்க முடியாது. என் கயிற்றைத் தளர்த்தி அவர் இடப்பக்கத்தை ஒட்டி நின்றேன். கத்தியை உருவினேன்.

கத்தியால் என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். கயாக் கவிழ்ந்தது. அண்ணன் தலை ஒரு தடவை வெளியே வந்தது, கிணற்றுக்குள் குதித்து எழுகிறவர் மாதிரி சுவரைத் தேடிக் கையை நீட்டினார். அங்கே சுவர் இல்லை. ஓட்டம் அவரைக் கடலை நோக்கிக் கொண்டுபோனது. ஜுனைத் மணலில் கத்திக்கொண்டு ஓடினான். ஜாக்கெட் மட்டும் தனியாக மிதந்து வந்தது, அதை எடுத்து வைத்தேன். மறுநாள் மீன்பிடிப் படகுக்காரர்கள் அண்ணனைக் கொண்டுவந்தார்கள்.

அண்ணி கரைக்கு வந்து உட்கார்ந்தார். அழவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா இன்னா சொன்னாரு தம்பி?" என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். அந்த நேரத்தில் அதையாவது கொடுக்க முடிந்ததே என்று எனக்கும் திருப்தி.

குரூப்பில் ஜுனைத் இப்போது அண்ணனுடைய பழைய படத்தை வைத்திருக்கிறான். கட்லாவோடு இருக்கிற படம், மாலையும் விளக்கும் சேர்த்து. அட்மின் நான், நினைத்தால் மாற்றலாம். மாற்றவில்லை. என் மீன் அந்த இடத்தில் இருந்தது ஒரே ஒரு சாயங்காலம், அடுத்த காலை. பரவாயில்லை, இருக்கட்டும். செத்தவர் படத்தை எடுக்கிற அளவுக்கு நான் மோசமானவன் இல்லை.

ஜுனைத் எடுத்த வீடியோவை நீங்கள் பார்த்துவிட்டீர்கள், தெரியும். தூரத்தில் எடுத்தது. கத்தி மினுங்குவது தெரிகிறது, எதை வெட்டினேன் என்பது தெரியவில்லை. ஆனால் கவிழ்ந்த கயாக்கை இழுத்து வந்தபோது கயிறு முழுசாக, குழவியோடு, என் முடிச்சோடு வந்திருக்கிறது. அந்தக் கயிற்றில் சிக்கியிருந்த ராடில் தூண்டில் நரம்பு நேராக வெட்டுப்பட்டிருக்கிறது. அதனால் நீங்கள் கேட்கிற கேள்வி நியாயமானது.

ஆமாம் மேடம். நான் வெட்டியது நரம்பை. கயிற்றை வெட்டியிருந்தால் கயாக் நிமிர்ந்திருக்கும், அண்ணன் பிழைத்திருப்பார், அந்த மீனும் மேலே வந்திருக்கும். கயிற்றுக்கும் என் கத்திக்கும் நடுவில் அவருடைய மடிதான் இருந்தது, கை எட்டும் தூரம். எல்லாம் எனக்கு அப்போதே தெரிந்தது. நரம்பை வெட்டினால் மீனை எதிர்த்துச் சாய்ந்திருக்கிற மனிதர் பின்பக்கமாக, கயிறு இழுக்கிற பக்கமாகத்தான் விழுவார் என்பதும் தெரிந்தது. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன்.

ஒன்று மட்டும் தவறாக எழுதிவிடாதீர்கள். நான் பொறாமையில் செய்ததாக ஜுனைத் சொல்லியிருப்பான், அவனுக்குத் தூரத்தில் என்ன தெரியும். நரம்பு அறுந்ததும் அந்த மீன் என் கயாக்கை ஒட்டி, தண்ணீருக்கு மேலாகவே ஒரு தடவை திரும்பிவிட்டுப் போனது. அண்ணன் விழுந்த பக்கம் நான் பார்க்கவில்லை, மீனைத்தான் பார்த்தேன், வாயிலிருந்து வால் வரைக்கும் நன்றாகப் பார்த்தேன். என்னுடையதைவிடப் பெரியதெல்லாம் இல்லை.